முந்திரி எண்ணெய்த் தழும்பு

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ போனில் பேசியதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அம்மா, அமலா வூட்டுல தைராய்டுன்னு மட்டும்தானே சொல்லியிருக்கு, அதோட விட்ரும்மா. மண்டையில கேன்சர் வந்தது, அயோடின் குடுத்தது எல்லாம் இப்ப எதுக்கு? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். நான் "ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பாடம் எடுத்தவளுக்கு அந்த ஒரு "ம்"முக்கு மேல் தொண்டையில் வரவில்லை. உன்னைத் திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று உடனே நினைவு வந்தது. நீ சொன்ன அதே காரியத்தை உனக்கு முன்னால் நான் செய்திருக்கிறேன், உன்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக. அதைப் போனில் சொன்னால் நடுநடுவே குறுக்கிடுவாய் என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. இன்னொரு சமாசாரம். ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அப்பாவும் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டு வந்தோம். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. விடைத்தாளின் பின்பக்கத்தை முதலில் பார்க்கிற பிள்ளை நீ என்று எனக்குத் தெரியும்.

உடம்பைப் பற்றி உன்னிடம் போனில் சொன்னது அத்தனையும் உண்மை. அதில் நான் எதையும் மறைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் எடுத்த ஸ்கேனை டாக்டர் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழைய படத்தில் தலையில் ஒன்றும் தோள்பட்டை எலும்பில் ஒன்றுமாகக் கறுப்பாகத் தெரிந்த இரண்டு இடமும் புதுப்படத்தில் இல்லை. "இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்கம்மா, மாத்திரைய மட்டும் விட்ராதீங்க" என்றார். வெளியே வந்ததும் உன் அப்பா ஒரு கரும்புச்சாறு வாங்கிக் குடித்தார். பிறகு இன்னொன்று வாங்கிக் குடித்தார். தனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நானும் ஞாபகப்படுத்தவில்லை. இந்த ஒன்றரை வருடத்தில் நான் அவ்வளவு லேசாக உணர்ந்தது அந்தக் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில்தான்.

இனி கதைக்கு வருகிறேன். முதல் சம்பளத்தில் நீ எனக்கு ஒரு சிவப்பு ஹெல்மெட் வாங்கி வந்தாய். பெரம்பலூரிலிருந்து பாடாலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஹைவேயில் ஸ்கூட்டி ஓட்டிப் போகிறேன் என்று உனக்குப் பயம். ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வலது காதுக்கு நாலு விரல் மேலே ஒரே இடத்தில் அழுத்த ஆரம்பித்தது. நீ அளவு பார்க்காமல் சின்னதாக வாங்கிவிட்டாய் என்று நினைத்தேன். சொன்னால் உன் மனசு கஷ்டப்படும் என்று, உள்ளே இருந்த பஞ்சை அந்த இடத்தில் மட்டும் பிளேடால் சீவி எடுத்தேன். கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. தலை வாரும்போது சீப்பு அந்த இடத்தில் ஏறி இறங்கியது. தொட்டால் மெத்தென்று, பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருந்தது. ஹெல்மெட் அழுத்தித்தான் வீங்கியிருக்கிறது என்று நானே முடிவு கட்டி, அதை வண்டிக்கு முன்னால் மாட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். நீ போனில் "ஹெல்மெட் போடுறியாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் "போடாமயா?" என்பேன். நான் திருப்பிக் கேள்விதானே கேட்டேன், பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொள்வேன்.

பாடாலூருக்குப் பக்கத்தில் ஒரு நாள் போலீஸ் கை காட்டி நிறுத்தியது. பார்த்தால் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "டீச்சர், நீங்களேவா? சாலை விதியெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே" என்றான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "மண்டையில கட்டிப்பா, ஹெல்மெட் போட முடியல" என்றேன். "அப்ப டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கி வண்டியில வெச்சுக்குங்க டீச்சர். நாளைக்கு வேற ஆளு டூட்டியில நின்னா விட மாட்டாங்க" என்றான். அந்தச் சர்டிபிகேட்டுக்காகத்தான் நான் டாக்டரிடம் போனேன், வியாதிக்காக அல்ல. பெரம்பலூரில் பார்த்த டாக்டர், "கொழுப்புக் கட்டி மாதிரி தெரியுது, மரத்துப்போற ஊசி போட்டு அரை மணி நேரத்துல எடுத்துடலாம்" என்று நாள் குறித்தார். அந்த நாளில் கட்டியைச் சுற்றி முடியை மழித்துப் படுக்கவைத்தார்கள். டாக்டர் இரண்டு விரலை அதன்மேல் வைத்தவர் எடுக்கவே இல்லை. "என்னம்மா இது, நாடி மாதிரி துடிக்குது" என்றார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டார். "இதுல நான் கத்தி வெச்சா ரத்தத்த நிறுத்த முடியாது. இன்னைக்கே திருச்சிக்குப் போங்க." அவர் மட்டும் அன்றைக்கு அவசரப்பட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். திருச்சியில் ஸ்கேன் எடுத்ததில் கட்டிக்கு அடியில் மண்டையோடு ஒரு நாணயத்தின் அகலத்துக்குக் கரைந்துபோயிருந்தது.

ஹெல்மெட் சமாசாரத்தைத் தவிர, இதுவரைக்கும் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இங்கேதான் ஆரம்பிக்கிறது. திருச்சியில் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இதுக்கு முன்னாடி உடம்புல ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கா?" உன்னைப் பெற்ற சிசேரியனை மட்டும் சொன்னேன். "கழுத்துல என்ன தழும்பு?" என்பார்கள். "முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டதுங்க, எனக்கு வரதராஜன்பேட்டைப் பக்கம்" என்பேன். பக்கத்தில் நிற்கிற உன் அப்பா, "கொட்டை வறுக்கும்போது தெறிச்சிடுச்சுங்க, கல்யாணத்துக்கு முன்னாடி" என்று பரிதாபமாக எடுத்துக்கொடுப்பார். டாக்டர்களும் தலையை ஆட்டி எழுதிக்கொள்வார்கள். முந்திரி விளைகிற ஊர்க்காரிக்கு எண்ணெய்த் தழும்பு இருப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? ஊசி வைத்து உறிஞ்சிப் பார்த்ததில் ரத்தம்தான் வந்தது, ஒன்றும் தெரியவில்லை. எங்கேயோ ஓர் இடத்தில் ஆரம்பித்துத் தலைக்கு வந்திருக்கிறது, அந்த இடம் எது என்று மார்பு, நுரையீரல், சிறுநீரகம், கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். இரண்டு மாதம் தேடினார்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தபோது உன் அப்பா மாதாவுக்கு நன்றி சொன்னார். டாக்டர்களின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது. நீ லீவு போட்டுவிட்டு வந்து ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்த வருடம் எனக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது, தம்பி. விழுங்கும்போது ஏறி இறங்கும். உன் அம்மாயியும் தாத்தாவும் என்னைத் திருச்சிக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்தார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது, பரீட்சை எழுதப் போயிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தைராய்டு சுரப்பியில் ஒரு பாதியை எடுத்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் வருடா வருடம் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒரு தடவைகூடப் போகவில்லை. கழுத்துக்குக் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. முதலில் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள் எனக்குப் பூ வைக்கிற சாக்கில் என் முகவாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கழுத்துல என்னம்மா கோடு?" என்றார். "செயின் உரசுனதுங்க" என்றார் உன் அம்மாயி. அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு தகவலே இல்லை. அடுத்து வந்தவர்களும் அப்படியே. உன் அம்மாயி சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார். என் கழுத்தை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அது கொட்டை பொறுக்குகிற காலம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள். வறுக்கும்போது ஓட்டிலிருந்து கறுப்பாக ஒரு எண்ணெய் வடியும். மேலே பட்டால் தோல் வெந்து கழன்றுவிடும். கையில் காலில் அந்தத் தழும்பு இல்லாத பெண்ணே எங்கள் பக்கத்தில் கிடையாது, அதை யாரும் குறையாகவும் நினைக்க மாட்டார்கள். சிரட்டையில் பிடித்து வைத்திருந்த எண்ணெயில் ஒரு துடைப்பக் குச்சியைத் தோய்த்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அந்தக் கோட்டின் மேல் நானே தடவினேன். ஆமாம், நானேதான். யாரும் செய்யச் சொல்லவில்லை. கத்திக்கொண்டே ஓடிவந்தேன், தெறித்துவிட்டது என்றேன். உன் அம்மாயி உட்பட எல்லோரும் நம்பினார்கள். ஆறி வர இரண்டு மாதம் ஆனது. ஆறியபோது கோடு போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு பட்டைத் தழும்பு இருந்தது. அதற்கடுத்து என்னைப் பெண் பார்க்க வந்தவர் உன் அப்பா.

அவர் அப்போது பஸ் கண்டக்டர். கூட்டத்தில் டிக்கெட் கொடுக்கிற ஆளாதலால் யாரிடமும் தயங்காமல் பேசுவார். எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரொம்ப எரிஞ்சுதா?" நான் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லீங்க, லேசாத்தான்" என்றேன். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அந்தப் பதிலிலேயே அவரிடம் என் பொய்யும் தொடங்கிவிட்டது. கல்யாணமான மூன்றாம் நாள் நான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தபோது ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "நீ எண்ணெய் பக்கமே வராத, நான் பாத்துக்கறேன்." அன்றிலிருந்து நம் வீட்டில் வடை, முறுக்கு, கிறிஸ்துமஸ் அதிரசம், மீன் வறுவல் எல்லாம் அவர்தான். டூட்டி முடிந்து களைத்து வந்தாலும் அவர்தான். நீ இரண்டாம் வகுப்பில் "எங்கள் வீடு" என்று கட்டுரை எழுதியபோது, "அம்மா பாடம் நடத்துவார், அப்பா வடை சுடுவார்" என்று எழுதி, வகுப்பே சிரித்து, நீ அழுதுகொண்டு வந்தாய். எல்லார் வீட்டிலும் அப்பாதான் வடை சுடுவார் என்று அதுவரை நீ நினைத்திருந்தாய். உன்னைச் சமாதானப்படுத்திய அன்றைக்காவது நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் ஐந்தாம் வகுப்பில் முன்கழுத்துக் கழலைப் பாடம் வரும். அயோடின் உப்புச் சாப்பிடுங்கள், கழுத்தில் வீக்கம் வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். எழுதிவிட்டுத் திரும்பும்போது முந்தானையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொள்வேன்.

இப்போது திருச்சிக்குத் திரும்பி வா. இரண்டு மாதத் தேடலுக்குப் பிறகு கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்தார்கள். அதில் இருப்பது தைராய்டு சுரப்பியின் செல்கள் என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கு நீ சென்னைக்குத் திரும்பியிருந்தாய், அதனால் நடந்ததைப் பார்க்கவில்லை. உன் அப்பாவுக்கு அது புரியவே இல்லை. "தலையில எடுத்த சதையில கழுத்து எப்படிங்க வரும்?" என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் விளக்க ஆரம்பிப்பதற்குள் எழுந்து நேரே லேப் ஜன்னலுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். "இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன் நான். ஒருத்தன் டிக்கெட்ட இன்னொருத்தன் கையில குடுத்ததில்ல. நீங்க யாரோ ஒருத்தர் சதைய என் பொண்டாட்டி பேர்ல எழுதிட்டீங்க!" அந்தப் பெண் பதறிப்போய், "சார், பேரு, நம்பரு எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், நீங்களே பாருங்க" என்று காகிதத்தைக் காட்டுகிறாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் உன் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். என் ஒருத்திக்குத்தான் அந்தச் சதை யாருடையது என்று தெரியும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கூனிக்குறுகி நின்ற இடம் வேறு இல்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. அது என்னோடதுதான். வாங்க, ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "அப்ப முப்பது வருஷமா நான் வடை சுட்டது?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நல்லாத்தான் சுட்டீங்க" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். என்னை விட்டுவிட்டு ஊருக்கே பஸ் ஏறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்தால் லேப் ஜன்னலில் நின்று அந்தப் பெண்ணிடம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருக்கிறார். திரும்பி வந்து, "வா, டாக்டர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார். நானே சொன்னேன். அதற்குப் பிறகு நாலு நாள் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினார். ஐந்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஆபரேஷன்னு சொல்லியிருந்தாலும் உன்னத்தான் கட்டியிருப்பேன். நீ என்னக் கேக்கவே இல்லையே" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குத்தான் நான் நன்றாக அழுதேன். உன்னிடம் நானே சொல்ல வேண்டும் என்று அவர் இதுவரை வாயைத் திறக்கவில்லை, அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "முதல் நாளே தெரிஞ்சிருந்தா நேரா கழுத்துலயே தேட ஆரம்பிச்சிருப்போம்மா" என்று மட்டும் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன் எடுத்த கட்டியிலேயே அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், தைராய்டு புற்றுநோயில் ஒரு வகை இப்படி வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு எலும்பில் போய்த் தலைகாட்டும், மண்டையோட்டில் வருவது அபூர்வம் என்றார். கழுத்தில் பழைய தழும்புக்குக் கீழே கீறி மிச்சம் இருந்த பாதியையும், தலைக்கட்டியையும் எடுத்தார்கள். அதற்கு நீ வந்திருந்தாய். அதற்கப்புறம் அயோடின் மருந்து. அந்தச் செல்கள் தலைக்குக் குடிபோனாலும் கழுத்தில் இருந்தபோது தின்ற அயோடினைத்தான் இன்னமும் தேடுமாம். நீ சென்னையில் எந்த ஹோட்டலில் சாப்பிட்டாலும் போன் பண்ணி என் கருவாட்டுக் குழம்பைக் கேட்கிறாயே, அந்த மாதிரி. அந்த ஆசையை வைத்தே அதைப் பிடிக்கிறார்கள், கதிர்வீச்சு ஏற்றிய அயோடினைக் கொடுத்து. அதற்கு முன்னால் சில வாரம் உடம்பை அயோடினுக்கு ஏங்க வைக்க வேண்டும். மீன் கூடாது, பால் கூடாது, கடை உப்புக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வீட்டு உப்பைச் சோதிக்கிற சொட்டு மருந்து என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உன் அப்பா கடை கடையாக ஏறி, சொட்டு விட்டால் நிறம் மாறாத உப்பைத் தேடினார். நிறம் மாறினால்தான் நல்ல உப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளின் புருஷன், நிறம் மாறாத உப்பு கிடைத்ததும் துள்ளிக்கொண்டு வந்தார். மருந்து கொடுத்து மூன்று நாள் தனி அறையில் அடைத்தார்கள். சாப்பாட்டைக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் கிட்டே வரக் கூடாத அந்த அறையில்தான், இனி மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. அதைத்தான் வெள்ளிக்கிழமை நீ ஞாபகப்படுத்தினாய். நீ கெட்டவன் இல்லை. அமலாவை இழந்துவிடுவோமோ என்று பயந்தாய், அவ்வளவுதான். நானும் பயந்துதான் குச்சியை எண்ணெயில் தோய்த்தேன். நான் கண்டது என்னவென்றால், ஒருவரை இழந்துவிடக் கூடாது என்று மறைக்கிறோம், மறைத்த நாளிலிருந்தே அவரைப் பாதி இழந்துவிடுகிறோம். உன் அப்பா இவ்வளவு நல்லவர் என்பதை முப்பது வருடம் கழித்து ஆஸ்பத்திரி பெஞ்சில் தெரிந்துகொண்டேன். அதை முதல் வருடமே தெரிந்துகொண்டிருக்கலாம். கல்யாணம் உன்னுடையது, அதில் நான் தலையிட மாட்டேன். வியாதி என்னுடையது. அதை யாரிடம் சொல்வது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் உன் அப்பாவும் உடையார்பாளையத்துக்கு, அமலா வீட்டுக்குப் பஸ் ஏறினோம். இதோ, அந்தக் காரியம் இதுதான். தலையில் கை வைத்துக்கொள்ளாமல் மீதியையும் படி.

அமலாவை ஒற்றை ஆளாக வளர்த்தவர் அவள் அம்மா. பத்துப் பெண்களை வைத்து முந்திரிக்கொட்டை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கிற வீடு அது, உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்கள் இல்லை, அந்த அம்மாவும் அமலாவும்தான் இருந்தார்கள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன், கழுத்தில் ஆரம்பித்தது, தலைக்குப் போனது, தோள்பட்டையில் தெரிந்தது, இப்போது ஒன்றுமில்லாதது, இனியும் திரும்ப வரலாம் என்பது எல்லாம். அப்புறம் இந்தத் தழும்பையும் சொன்னேன். அந்த அம்மா மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போச்சு, பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். உன் அப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்து பக்கத்தில் வந்து, "கொஞ்சம் நிமிருங்க டீச்சர்" என்றார். என் கழுத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் முன்கையை நீட்டிக் காட்டினார். புள்ளி புள்ளியாகத் தழும்பு.

"இது தெறிச்சது டீச்சர். தெறிச்சா இப்படித்தான் இருக்கும், ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. உங்களுது ஆபரேஷன் தையலுக்கு மேல கோடு இழுத்தாப்புல இருக்கு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே பாத்துட்டேன். இத யாரோ தடவியிருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு. மாமியா வூட்டுல பண்ணதா, புருஷன் பண்ணதான்னு நெஞ்சு அடிச்சுக்குது. எம் பொண்ண அந்த வூட்டுக்குப் போயா குடுக்கப் போறோம்னு எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. இந்த வாரம் ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

எத்தனையோ டாக்டர்கள் பார்த்துவிட்டு எழுதிக்கொண்ட தழும்பு அது. அந்த அம்மா உன் அப்பாவின் பக்கம் திரும்பி, "அண்ணே, மன்னிச்சிருங்க, உங்களத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். உன் அப்பா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "முப்பது வருஷம் வடை சுட்டதுக்கு இந்தப் பேரும் வேணும்தான்" என்றார். அந்த அம்மாவுக்கு விஷயம் புரிய அதையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேன்சரைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அடுத்த ஸ்கேன் கல்யாணத் தேதியோடு மோதாதுதானே என்று. யோசித்துப் பார் தம்பி. எந்தத் தழும்பு என் கல்யாணத்தை நடத்திக் கொடுக்கும் என்று நினைத்தேனோ, அது உன் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறது. நீ சொன்னபடி நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த வாரம் நிறுத்தியும் இருக்கும், ஏன் என்று நமக்குத் தெரிந்தேயிருக்காது.

கல்யாணம் குறித்த தேதியில் நடக்கும். இந்தக் கடிதத்தில் மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கு வரும்போது எடுத்துவந்து அமலாவுக்கும் படிக்கக் கொடு. அவள் உன்மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறாள், "அவர் எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அது உன் பாடு, நான் வரமாட்டேன். ஹெல்மெட்டை மறுபடியும் போட ஆரம்பித்துவிட்டேன். நான் பஞ்சைச் சீவிய இடத்தில் உன் அப்பா புதுப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். அளவு சரியாகத்தான் இருக்கிறது, நீ நன்றாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறாய். உன்னை இவ்வளவு நாள் மனசுக்குள் குறை சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

கிளம்பும்போது அமலா எங்களை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். உன் அப்பா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு முன்னால் நின்றார். அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள். "ரொம்ப எரிஞ்சுதா அத்தை?"

"ஆமாம்மா, ரொம்ப எரிஞ்சுது" என்றேன்.

அம்மா